டியூன் ரெண்டாம் பாகம்: கொள்ளாம், ஆனா…

கேள்வி, 4 மார்ச் 2024

டியூன் 2, அந்த பாலைவன கிரகத்து ஹாலிவுட் படம், பாத்தாச்சு. ஆபீஸ்லயும் வாட்ஸாப் குரூப்லயும் ஒரே தூக்கா தூக்குறாங்க. நான் பாதி படத்த வாய பொளந்து பாத்தேன், மீதி பாதி மனசுல ஒட்டவே இல்ல. எனக்குத்தான் வெளங்கலையா, இல்ல நெசமாவே படத்துல ஏதோ குறையா? குமரி மாவட்டத்துக்காரங்க யாராவது பாத்திருந்தா சொல்லுங்க.

5 மார்ச் 2024, ராத்திரி

உங்களுக்கு ஒரு கேடும் இல்ல, எனக்கும் அதே கதிதான்.

நாரோயில்ல ஐமாக்ஸ் கெடையாதுல்லா, அதனால சனிக்கிழமை காலைல ரயிலேறி மச்சினனும் நானுமா திருவனந்தபுரம் போய் பாத்தோம். மணலுக்குள்ள ஓடுற அந்த ராட்சசப் புழு மேல கேறுற சீன் ஒண்ணே டிக்கெட் காசுக்கும் ரயில் காசுக்கும் காணும். கதாநாயகன் பால் (Paul) புழுவ வரவழைக்க ஒரு தட்டுற கருவிய மணல்ல நட்டுட்டு மேட்டு உச்சியில காத்து நிக்கான், தூரத்துல மணல் பொங்கி வருது, வருதுன்னு நாம பாத்துட்டு இருக்கும்போதே அவன் நிக்க மேடே இடிஞ்சு உள்ள போவுது, அவனும் உருண்டு விழுந்து கொக்கிய மாட்டி தொங்குகான், கண்ணுல மண்ணு மூக்குல மண்ணு, சீட்டு அதிருது, எனக்கு முன்வரிசைல ஒரு சின்னப் பய அம்மைக்க மடியில கேறி உக்காந்துட்டான். அந்தக் கொக்கி எதுக்குன்னா, புழுவுக்க செதில தூக்கிப் பிடிக்க. செதில் தொறந்து கெடந்தா உள்ள மண்ணு போயி உறுத்தும், அதனால அது மணலுக்குள்ள முங்காம மேலயே ஓடும். புத்தகத்துல இத பக்கம் பக்கமா சொல்லியிருக்கும், படத்துல சத்தத்த வச்சே நமக்கு உணர்த்திட்டாவ.

பின்ன அந்த கறுப்பு வெள்ளை கிரகம், வில்லன் கூட்டம் ஹார்கோனன் காரனுவளுக்க ஊரு. இன்ஃப்ராரெட் கேமராவுல எடுத்ததாம். மனுசன்க்க தோலே மெழுகு மாதிரி இருக்கு. வாணவேடிக்கைல தீப்பொறி இல்ல, வானத்துல மை சிந்துன கணக்கா பரவுது. டைரக்டர் டெனி வில்னவ்னா சும்மாவா.

இது நல்ல பாதி. மத்த பாதிய நாளைக்கு எழுதுகேன். சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் ஊர்வலத்துல நடந்த கால் வலி இன்னும் விடல.

6 மார்ச் 2024

மத்த பாதி. ஸ்டில்கர், அந்த பாலைவனத்து ஃப்ரெமன் ஜனத்துக்க தலைவர்ல ஒருத்தரு.

முதல் பாகத்துல அந்த ஆளு வந்து மேசையில துப்புவாரு, ஞாபகம் இருக்கா? எல்லாரும் வாள உருவப் போவாவ, அப்புறம்தான் தெரியும், தண்ணி இல்லாத ஊர்ல உடம்புத் தண்ணிய குடுக்கது பெரிய மரியாதைன்னு. அந்த ஒரு சீன்ல அந்த மொத்த ஜனத்துக்கும் ஒரு கனம் வந்துட்டு. ரெண்டாம் பாகத்துல அதே ஆளு, பால் இருமுனாலும் தும்முனாலும், ஆகா எழுதி வச்சபடியே நடக்குன்னு கண்ண விரிச்சுட்டு நிக்காரு. பால் நான் அந்த ரட்சகன் இல்லன்னு சொல்லுகான், அதுக்கும் பாத்தியளா எவ்வளவு பணிவு, அப்ப இவருதான்னு ஒரு போடு. தியேட்டரே சிரிச்சு. நானும் நல்லா சிரிச்சேன்.

அப்புறம் மாசி 20 ஊர்வலம். நாகராஜா கோயில் திடல்ல இருந்து சாமித்தோப்பு வரைக்கும் நடை. எனக்க பெரியம்மை வருசந்தோறும் போறவ, இந்த மட்டம் முட்டு வலி, கூட ஒரு ஆள் வேணும்னா, போனேன். காவிக்கொடி, முத்துக்குடை, தலப்பா கெட்டுன ஆம்பிளையள், தோள்ல பிள்ளையள், நெத்தியில நாமம், அய்யா சிவசிவா அரகரான்னு ஒரே சத்தம், ரோட்டோரம் மோர் குடுக்கவன் ஒரு பக்கம் பானகம் குடுக்கவன் ஒரு பக்கம். பெரியம்மைக்கு வலி தெரியாம இருக்கட்டுமேன்னு படக்கதைய சொல்லிட்டே நடந்தேன். பாலைவனம், ஏழை ஜனம், வெளிய இருந்து வந்த ராசா வீட்டுப் பையன், அவன்தான் ரட்சகன்னு நம்புற கூட்டம். எல்லாம் கேட்டுட்டு அவ கேட்டா, "அந்த ஜனத்துக்கு அவன் என்னடே செஞ்சான்?"

நான் யோசிச்சு, புழு மேல கேறுனான், சண்டை ஜெயிச்சான்னேன்.

"அது அவன் அவனுக்கு செஞ்சது. அவியளுக்கு என்ன செஞ்சான்?"

மூணு மணி நேரத்துக்கு கொஞ்சம் கொறவா ஒரு படம் பாத்துட்டு வந்திருக்கேன், இதுக்கு எனக்கிட்ட பதில் இல்ல. உங்களுக்கு ஒட்டாத பாதி எதுவோ தெரியல, எனக்கு ஒட்டாதது இதுதான்னு அப்ப பிடி கெடச்சு.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்த சொல்லுகேன். திருவிதாங்கூர் காலத்துல இங்க கீழ்ச்சாதின்னு ஒதுக்கி வச்ச ஆளுவ தலப்பா கெட்டப்பிடாது, முட்டுக்கு கீழ துணி எறங்கப்பிடாது, குடை பிடிக்கப்பிடாது, பொம்பிளையள் தோள்ல சீலை போடப்பிடாது, பின்ன வரி, தலைக்கு வரி, தொட்டதுக்கெல்லாம் வரி. அப்படி இருக்கப்ப 1830கள்ல அய்யா வைகுண்டர், தலப்பா கெட்டிட்டு வாங்க சாமி கும்பிடன்னாரு. முத்திரிக் கிணத்துல எல்லா சாதியும் ஒண்ணா தண்ணி கோரலாம்னாரு. மகாராசா பிடிச்சுட்டுப் போயி திருவனந்தபுரத்துல சிங்காரத்தோப்புல அடைச்சு வச்சாரு. இன்னைக்கும் பதிக்குள்ள, அதான் அய்யாவுக்க கோயிலுக்குள்ள போனா சிலை கெடையாது, ஒரு கண்ணாடி இருக்கும், வெளக்கு இருக்கும், நிக்கவனுக்கு அவன் மூஞ்சிதான் தெரியும்.

இதுக்குப் பின்னால படத்துல வர்ற பெனி ஜெஸ்ஸரிட் சாமியாரிணி கூட்டம் மாதிரி எதுவும் கெடையாது. கறுப்புத் துணி போட்ட பொம்பிளையள் நூத்தாண்டுக்கு முன்னமே வந்து, இன்ன மாதிரி ஒருத்தன் வருவான் காத்திருங்கன்னு வெதச்சுட்டுப் போவல. கஷ்டப்பட்ட ஜனம் அதுக்குத் தேவையானத அதுவே கண்டுபிடிச்சுகிட்டு. டியூன் ரெண்டாம் பாகத்துல நம்பிக்கைன்னா மேல இருந்து எவனோ வெதச்சது, கீழ இருக்கவன் ஏமாளி. சிரிப்பும் அவன் பேர்லதான்.

6 மார்ச் 2024, கொஞ்ச நேரம் கழிச்சு

இன்னொண்ணு விட்டுப்போச்சு. படத்துல வடக்கத்தி ஃப்ரெமன் பிள்ளையள் எல்லாம் நாங்க இதையெல்லாம் நம்ப மாட்டோம்னு நக்கல் அடிக்காவ. தெக்கத்தி ஆளுவதான் மூட பக்திக்காரனுவளாம், வெறி பிடிச்சவனுவளாம். இந்தியாவுக்க தெக்கு மூலையில உக்காந்துட்டு இத பாக்கவனுக்கு எப்படி இருக்கும்?

7 மார்ச் 2024

அய்யாவ எதுக்குடே சினிமாவோட இழுக்கன்னு ஒருத்தர் கோவப்பட்டிருக்காரு. ஞாயந்தான், ஆனா ரெண்டும் ஒண்ணுன்னு நான் எங்கயும் சொல்லல, ரெண்டும் நேர் எதிருன்னுதான் சொன்னேன். எங்க வீட்டுல தெனமும் உச்சிப்படிப்பு, அய்யாவழி பாட்டு, படிக்க சத்தம் கேட்டு வளந்தவன் நான். நம்புறேனா இல்லையான்னு என்னய கேட்டா எனக்கே நெலவரம் தெரியாது. ஆனா நம்புற ஆளுவள கிட்டத்துல இருந்து பாத்திருக்கேன், அவியள்ல ஒருத்தரும் கண்ண விரிச்சுட்டு நிக்க ஸ்டில்கர் மாதிரி இல்ல. பெரியம்மை பதியில நாமம் போட்டுட்டு வந்து பேங்க்ல வட்டிக்கணக்கு தப்புன்னு மேனேஜர உலுக்குறவ.

9 மார்ச் 2024

ஒரு சந்தேகம், யாருக்காவது பதில் தெரியுமா? புழு மேல கேறது எப்படின்னு காட்டுனாவ. எறங்குறது எப்படி? ஓடுற பஸ்ல சாடிக் கேறலாம், டிரைவர் ஸ்டாப்ல நிறுத்துனாத்தான எறங்க முடியும். பாலுக்க அம்மை ஜெசிகா தெக்க போறப்ப புழு முதுகுல கூடாரமே கெட்டி, உள்ள உக்காந்து சொகுசா போறா. கர்ப்பிணி வேற. அவள எப்படி எறக்குனாவ? ஏணியா? மச்சினன் சொல்லுகான், புழுவுக்கு களைச்சுப் போனா அதுவே நிக்குமாம். அப்ப எறங்குற ஊரு புழுவுக்க இஷ்டம்.

10 மார்ச் 2024

பால் காதலிக்க ஃப்ரெமன் பொண்ணு சானிய பத்தி கேட்டிருந்தீங்க. எனக்கு இந்தப் படத்துல ரொம்பப் பிடிச்சதும் அவதான், கடுப்பு வந்ததும் அவளாலதான்.

1965-ல ஃப்ராங்க் ஹெர்பர்ட் எழுதுன புத்தகத்துல சானி பாலுக்கு கூடவே நிப்பா, கேள்வி கேக்க மாட்டா. ஹெர்பர்ட்டு எழுதுனதே தலைவன கண்ண மூடிட்டு நம்பாதீங்கன்னு எச்சரிக்கத்தான், ஆனா படிச்சவன் பூரா பால ஹீரோவா தூக்கி வச்சுகிட்டான். அப்புறம் 1969-ல டியூன் மெசையான்னு அடுத்த புத்தகம், அதுல பால் நடத்துன போர்ல எத்தன கோடி உசுரு போச்சுன்னு கணக்கோட சொல்லி நெத்திப்பொட்டுல அடிச்சாரு. வில்னவ் அந்த எச்சரிக்கைய இந்தப் படத்துலயே வைக்கணும்னு சானிய மாத்திட்டாரு. அவ மட்டும் இது சரியில்லன்னு சொல்லிட்டே இருக்கா. கடைசியில எல்லாரும் மண்டியிடும்போது அவ நிக்கா, பின்ன தனியா போயி புழுவ கூப்பிடுகா, அந்த மொகம்தான் படத்துக்க கடைசி.

நல்ல மாத்தம். ஆனா அதுக்கு என்ன வெல குடுத்தாருன்னு பாருங்க, அந்த ஜனத்துல மூளையும் சந்தேகமும் இருக்க ஒரே ஆளா அவள ஆக்கியாச்சு (அவளுக்க கூட்டுக்காரி ஒருத்தி உண்டு, அவளையும் பாதியில கொன்னுட்டாவ). மத்தவன் பூரா கூட்டம். ஒருத்திக்கு உசுரு குடுக்க ஊரையே பொம்மையா மாத்தணுமா?

சிரிப்ப பத்தி யோசிச்சப்ப ஒண்ணு தோணுச்சு. அந்த சிரிப்பு டைரக்டர் வச்ச கண்ணியா இருக்கலாம். கடைசியில அதே ஸ்டில்கர் ஆளுவள கப்பல்ல கேத்திட்டு போருக்கு கெளம்புறப்ப தியேட்டர்ல ஒருத்தனும் சிரிக்கல. முன்னால சிரிக்க வச்சு பின்னால தொண்டைய அடைக்க வைக்கதுதான் திட்டம்னா, வேல செஞ்சிருக்கு. அப்படியும் பெரியம்மைக்க கேள்வி அங்கயே நிக்கு.

24 மார்ச் 2024

அபுதாபியில ஏசி மெக்கானிக்கா இருக்க எனக்க சித்தி மவன் படம் பாத்துட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கான், கேட்டு சிரிச்சு வயிறு வலி. படத்த ஜோர்டான்ல வாடி ரம்லயும் அவனுக்க ஊருக்குத் தெக்க லிவா பாலைவனத்துலயும் எடுத்திருக்காவ. இவன் லீவு நாள்ல வண்டி எடுத்துட்டு லிவா போயிருக்கான். "மக்கா, மணல் அழகுதான், ஒத்துக்கிடுகேன், ஆனா ஒரு நாள் அங்க நின்னு வேல பாரு, சோத்துல மண்ணு, பல்லுல மண்ணு, ரூமுக்கு வந்து காது கொடைஞ்சா அதுலயும் மண்ணு. இங்க ஜூன் 15-ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் பன்னெண்டரைல இருந்து மூணு மணி வரை வெளிவேல பாக்கப்பிடாதுன்னு சட்டமே போட்டிருக்கான், இந்தப் படத்துல உள்ளவனுவ தடிச்ச உடுப்பு மாட்டிட்டு மொகத்துல ஒரு சொட்டு வேர்வை இல்லாம காதல் பண்ணுகானுவ"ங்கான்.

அந்த உடுப்பு வேர்வைய புடிச்சு குடிதண்ணி ஆக்கும்டேன்னேன். அப்ப எங்க கம்பெனிக்கு நூறு வாங்கி அனுப்பச் சொல்லுங்கான்.

அவன் கூட ரூம்ல இருக்க ஜோர்டான்காரன் ஒருத்தன் வேற ஒண்ணு சொன்னானாம். மணல் எங்க ஊரு, உடுப்பு எங்க ஊரு, அவியளுக்க சாமி வார்த்தையும் எங்க ஊரு, முக்கியமான வேசத்துல மட்டும் எங்க ஆளு ஒருத்தன் இல்லன்னு. இத நான் இன்னும் நீட்டல, சொன்னவன் சொன்னது போதும்.

14 ஏப்ரல் 2024

எல்லாருக்கும் சித்திரை வாழ்த்து. இந்த இழை இன்னும் ஓடுதா! சரி, கொஞ்ச நாளா மனசுல கெடந்தத எறக்கி வச்சுடுகேன்.

முதல் பாகத்துல, அந்தப் பாலைவன மணல்ல கெடக்க ஸ்பைஸ்னா என்ன, அத எப்படி அள்ளுவான், எதுக்கு அத்தன சண்டைன்னு தெளிவா இருந்து. அந்தப் பெரிய அள்ளுற வண்டிய புழு முழுங்குற சீன் இப்பவும் கண்ணுல நிக்கு. ஸ்பைஸ் இல்லாட்டா ஒரு நட்சத்திரத்துல இருந்து இன்னொண்ணுக்கு கப்பல் போவாது, அதனால அந்த மண்ண பிடிச்சு வச்சிருக்கவன்தான் ராசா. ரெண்டாம் பாகத்துல வண்டிய ஒடைக்காவ, சரி, ஆனா அந்த வியாபாரமே காணாமப் போச்சு. கப்பல் ஓட்டுற கில்டு காரன் ஒருத்தன்கூட இல்ல. தூஃபிர் ஹவாத்துன்னு புத்தகத்துல ஒரு கெழவன் உண்டு, கணக்குப் புலி, அவருக்க சீன எடுத்துட்டு வெட்டிட்டாவளாம். கடைசியில பால், ஸ்பைஸ் வயலையெல்லாம் அணுகுண்டு வச்சு அழிச்சுடுவேன்னு மெரட்டுகான். அதுதான் மொத்த கதைக்கும் சாவி. அது ரெண்டு வசனத்துல முடிஞ்சு போச்சு. வில்லனுக்க தம்பி மவனோட கத்திச் சண்டைக்கு அதவிட எத்தனையோ மடங்கு நேரம்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துதுன்னா, எனக்க அம்மைக்க ஊரு மணவாளக்குறிச்சி. அந்த கடற்கரை மணல்ல கால் வச்சா கறுப்பும் செவப்புமா வரி வரியா மின்னும். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் அதுல கெடக்கு. 1909-ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரரு, திருவிதாங்கூர்ல இருந்து போன கயித்துல ஒட்டியிருந்த மண்ணுல மோனசைட்ட கண்டுபிடிச்சாரு. அதுல தோரியம் இருக்கு. அந்தக் காலத்துல கேஸ் லைட்டு மேண்டில்னு ஒரு வலை உண்டுல்லா, கல்யாண வீட்டு பெட்ரோமாக்ஸ்ல கெட்டுவாவளே, பத்த வச்சா வெள்ளையா எரியுமே, அதுக்கு தோரியம் வேணும். கயித்துல ஒட்டுன மண்ண வச்சு ஊரத் தேடிப் பிடிச்சு வந்துட்டான்! அதுக்கு அப்புறம் ஒரு ரெண்டு வருசத்துக்குள்ள இங்க ஆலை வந்துட்டு. எங்கயோ ஐரோப்பாவுல தெருவுக்கு வெளிச்சம் வேணும், அதுக்கு மண்டைக்காட்டுக்கு பக்கத்து மண்ண அள்ளணும். இதவிட டியூன் கதை வேற என்ன வேணும்?

அதுக்கும் முன்ன நல்லமொளவு, அதான் கறுப்பு மிளகு. டச்சுக்காரன் கொளச்சலுக்கு படையோட வந்தது மொளவு வியாபாரத்துக்குத்தான், 1741-ல மார்த்தாண்ட வர்மா கிட்ட அடி வாங்குனான். அதுல பிடிபட்ட டிலனாய்ங்கவரு திருவிதாங்கூர் படையவே பயிற்சி குடுத்து நடத்துனாரு, உதயகிரி கோட்டைக்குள்ள அவருக்க கல்லறை இருக்கு, தமிழ்லயும் லத்தீன்லயும் கல்வெட்டு. வெளிய இருந்து வந்தவன் உள்ளூர் படைய கெட்டி எழுப்புற கதை நமக்கு புதுசில்ல. ஆனா டிலனாய சாமின்னு சொன்னவன் எவனும் இல்ல, அவருக்கு சம்பளம் குடுத்தாவ, அவரு வேலைய பாத்தாரு. பாலுக்கும் ஒரு சம்பளம் போட்டுக் குடுத்திருந்தா இத்தன கொழப்பம் வந்திருக்காது.

(பால்னு கூப்பிட்டா மார்த்தாண்டம் சந்தையில நாலு பேரு திரும்புவான். ரட்சகனுக்கு வைக்கிற பேராய்யா இது.)

15 ஏப்ரல் 2024

நேத்து எழுதுனதுல ஒண்ணு சேக்கணும், இது தெரிஞ்சா உங்களுக்கும் பிடிக்கும். ஹெர்பர்ட்டுக்கு இந்தக் கதை எங்க இருந்து வந்ததுன்னா, பாலைவனத்துல இருந்து இல்ல, கடற்கரைல இருந்து. அமெரிக்காவுல ஓரிகன்ல ஃப்ளோரன்ஸ்னு ஒரு ஊரு, அங்க மணல்மேடு நகந்து நகந்து வந்து ரோட்டையும் வீட்டையும் மூடிட்டு இருந்து, அரசாங்கம் புல்லு நட்டு அத நிறுத்திட்டு இருந்தாவ. 1950கள்ல பத்திரிகைக்கு எழுத அத பாக்கப் போனவரு, கட்டுரைய முடிக்கவே இல்ல, நாவல் எழுதிட்டாரு.

நம்ம கடற்கரைல அந்த வேலைய பாக்கது ராவணன் மீசையும் அடம்பங்கொடியும். ராவணன் மீசைக்க காய் உருண்டையா முள்ளு முள்ளா இருக்கும், காத்துல சக்கரம் மாதிரி உருண்டு ஓடும், சின்னதுல அத வெரட்டிட்டு ஓடாத பிள்ளை உண்டா இங்க? சும்மா புல்லுன்னு நாம நெனைக்கோம், அதுதான் மணல பிடிச்சு வச்சிருக்கு.

புத்தகத்துல ஃப்ரெமன் ஜனத்துக்க கனவே அதுதான், புல்லு நட்டு மரம் நட்டு தண்ணி சேத்து அந்த கிரகத்த பச்சையாக்கணும், தலைமுறை தலைமுறையா அதுக்கு ஒரு சொட்டு ஒரு சொட்டா தண்ணி சேக்காவ. ரெண்டாம் பாகத்துல செத்தவனுக்க தண்ணி எல்லாம் சேந்த அந்தக் குளத்த ஒரு தடவ காட்டுகாவ, நல்ல சீன், அதோட சரி. அந்த ஜனத்துக்கு ரட்சகன் வர்றதுக்கு முன்னாலயே ஒரு திட்டம் இருந்து, அவியளே போட்ட திட்டம். அத எடுத்து முன்னால வச்சிருந்தா பெரியம்மைக்க கேள்விக்கு பாதி பதில் கெடச்சிருக்கும்.

பேச்சிப்பாறை அணையும் ரெண்டு மழையும் இருக்க ஊர்ல உக்காந்துட்டு தண்ணிய பத்தி நான் பேசுகேன். சரி விடுங்க.

2 ஜூன் 2024

வீட்டு டிவியில மறுபடி பாத்தேன். மழை, கரண்டு ரெண்டு தடவ போச்சு.

சத்தம் பாதி போயிட்டு, இசை போட்ட ஹான்ஸ் சிம்மர் வீட்டு ஸ்பீக்கர்ல கொசு மாதிரி கேக்காரு, புழுவும் சின்னதாத் தெரியுது. ஆனா சப்டைட்டில நிதானமா படிச்சதுல தியேட்டர்ல நழுவிப்போன ஒண்ணு கெடச்சு. ஜெசிகா வயித்துல இருக்க பிள்ளைகிட்ட பேசிட்டே சொல்லுகா, நம்பாதவங்கள ஒவ்வொருத்தரா மாத்தணும், மொதல்ல எளச்சவங்க கிட்ட இருந்து, பயப்படுறவங்க கிட்ட இருந்து ஆரம்பிக்கணும்னு. அப்ப டைரக்டருக்கு தெரியும், நம்பிக்கை தேவையில இருந்துதான் பிடிக்கும்னு. நான் மார்ச்ல எழுதுனதுல படத்துக்கு இது தெரியவே இல்லங்க மாதிரி ஒரு தொனி இருந்து, அத கொஞ்சம் எளக்கிக்கலாம்.

ஆனா அந்த எளச்சவங்க யாரு? ஒரு கெழவி ஜெசிகாவுக்க கால்ல விழுற மாதிரி அரை நிமிசம், கூட்டமா நாலு பேரு, அவ்வளவுதான். அவளுக்கு என்ன கஷ்டம், பிள்ளை செத்துதா, தண்ணி இல்லையா? ஒரே ஒரு வீட்டுக்குள்ள கேமரா போயிருந்தா போதும். ரெண்டே முக்கா மணி நேரத்துல ஃப்ரெமன் சோறு திங்கத ஒழுங்கா காட்டல!

கால அளவும் இந்த மட்டம் நல்லாத் தெரிஞ்சு. புத்தகத்துல ரெண்டு வருசம் ஓடும், பாலுக்க தங்கச்சி அலியா பொறந்து நடந்து பேசி, ஹார்கோனன் தலைவன் அந்த தடியன அவதான் கொல்லுவா. படத்துல அவ கடைசி வரைக்கும் வயித்துக்குள்ளயே இருக்கா, ஆகப்பாத்தா மொத்த புரட்சியும் ஒம்பது மாசத்துக்குள்ள. அதுக்குள்ள மொழி படிச்சு, புழு ஓட்டி, காதலிச்சு, ராசாவையும் கவுத்தாச்சு. நம்மூர்ல ஒரு பாலம் கெட்ட எவ்வளவு நாள் ஆவுதுன்னு அவனுக்கு யாராவது சொல்லுங்க.

பேரரசரா வர்ற கிறிஸ்டோபர் வாக்கன் மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இதுல மத்தியானம் சாப்பிட்டுட்டு சாஞ்ச மாமா மாதிரி இருக்காரு.

3 அக்டோபர் 2024

கிள்ளியூர் தாலுகாவுல 1144 ஹெக்டேர்ல மணல் அள்ளுற திட்டம், அதுக்கு இந்த மாசம் 1-ஆம் தேதி வச்சிருந்த கருத்துக்கேட்பு எதிர்ப்பு காரணமா தள்ளிப்போச்சு, பேப்பர்ல பாத்திருப்பீங்க. அதுக்கு இங்க என்ன வேலன்னு கேக்காதீங்க. ஏப்ரல்ல நான் எழுதுனத படிச்சுட்டு, சினிமாவுக்கு எதுக்குடே மோனசைட் கதைன்னு கேட்டவருக்குத்தான் இது. எங்க ஊர்ல மணல்னா அது வெறும் லொகேஷன் இல்ல அண்ணே.

கடற்கரைல நின்னு கரமடி வலை இழுக்க கூட்டாளி ஒருத்தன் இனயம் பக்கம் இருக்கான். டியூன் கதைய சொன்னேன். அவனுக்கு ரட்சகன பத்தியெல்லாம் ஒண்ணும் தோணல. அள்ளுன மண்ணுக்கு பதிலா என்ன கொண்டு போட்டாவன்னு மட்டும் கேட்டான்.

4 மார்ச் 2025

ஆஸ்கர் வந்தாச்சு. டியூன் 2-க்கு அஞ்சு நாமினேஷன், கெடச்சது ரெண்டு: சவுண்டு, விஷுவல் எஃபெக்ட்ஸ். முதல் பாகத்துக்கு ஆறு கெடச்சிருந்து. சிம்மர் இசை இந்த மட்டம் போட்டிக்கே போவல, முதல் பாகத்து இசை இதுல ரொம்ப கலந்திருக்குன்னு சேத்துக்கல. வில்னவுக்கு டைரக்டர் நாமினேஷன்கூட இல்ல, அது மட்டும் அநியாயம், நான் என்ன ஏசுனாலும் அந்த ஆளு மாதிரி மணல கேமராவுல பிடிக்க இப்ப வேற எவன் இருக்கான்?

ஒரு வருசமா இந்தப் படத்த ஏசிட்டே இருக்கியே, அப்ப பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போயேன்னு மச்சினன் கேக்கான். பிடிக்காத படத்த பத்தி எவன் ஒரு வருசம் பேசுவான்? அதே வாரம் வந்த மத்த படத்துல ஒண்ணுக்காவது பேரு சொல்லச் சொல்லுங்க அவன.

21 டிசம்பர் 2025

மூணாம் பாகம் அடுத்த வருசம் டிசம்பர் 18-ன்னு தேதி போட்டிருக்காவ. டியூன் மெசையாதான் கதை. புத்தகத்துல பன்னெண்டு வருசம் கழிச்சு ஆரம்பிக்கும், பால் பேரரசன், ஃப்ரெமன் ஆளுவள்ல போருக்குப் போயி கண்ணு போயி கை போயி திரும்பி வந்தவன், ஒரு காலத்துல தண்ணிய எண்ணி எண்ணி குடிச்ச ஜனத்துக்கு இப்ப கோட்டையும் சடங்கும் பரிவாரமும். பெரியம்மை கேட்டதுக்கு ஹெர்பர்ட் அதுல பதில் சொல்லுவாரு, ஆனா நல்ல பதில் கெடையாது. அத மட்டும் மழுப்பாம எடுத்தா ரெண்டாம் பாகத்துல எனக்கு இருந்த மொணமொணப்புல பாதி தீரும்.

கேள்வி கேட்டவரு ஒரு வருசமா ஆளையே காணோம். இருந்தா சொல்லுங்க, ரிலீஸ் வாரம் திருவனந்தபுரத்துக்கு சேந்தே போவலாம், ஆனா டிக்கெட் முன்கூட்டியே போடணும், போன தடவ மாதிரி மூலை சீட்டுல உக்காந்து கழுத்து பிடிச்சுகிட முடியாது. அப்புறம் கில்டு நேவிகேட்டர் ஒருத்தன் அந்தப் புத்தகத்துல தொட்டிக்குள்ள மிதந்துட்டே வந்து பேசுவான், அவனையும் வெட்டிட்டாவன்னா இங்கயே வந்து இன்னொரு மட்டம் ஏசுவேன்.